பருத்த நிரல்களை மெலிவிக்கும் வித்தை

மென்பொருளை எழுதுகிறவர் எழுதுவது ஒரு மொழியில். இயந்திரம் அதை வாசிப்பது முற்றிலும் வேறொரு மொழியில். ஸி, ஸ்விஃப்ட் முதலிய நிரல்மொழிகளில் எழுதப்பட்ட மூலத்தைக் கம்பைலர் எடுத்து, அதன் இலக்கணத்தைப் பரிசோதித்து, பல படிகளில் உருமாற்றி, முடிவில் ஒரு குறிப்பிட்ட நுண்செயலிக்கு மாத்திரமே விளங்கக்கூடிய எண்களின் வரிசையாக ஆக்கித் தருகிறது. இந்த வரிசைக்கு உலகப் பொதுவான வடிவம் என்று எதுவும் கிடையாது. ‘எடுத்துக்கொண்ட வேலை முடிந்தது, அழைத்த இடத்துக்கே திரும்பிப் போ’ என்பது எல்லா நுண்செயலிகளிலும் உள்ள மிகச் சாதாரணமான கட்டளை. அதை இன்டெல் வகைச் சில்லுக்கு 195 என்ற ஒரே பைட்டில் சொல்லிவிடலாம். பழைய மோட்டரோலா 68000 வகைக்கு 78, 117 என்று இரண்டு பைட்டுகள் வேண்டும். பவர்பிஸி சில்லுக்கு 78, 128, 0, 32 என்று நான்கு. இன்றைய கைப்பேசிகளில் குடிகொண்டிருக்கும் 64 பிட் ஆர்ம் சில்லுக்கு 192, 3, 95, 214 என்று வேறு நான்கு. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றிடம் கொடுத்தால், அது சம்பந்தமற்ற ஏதோ கட்டளையாக எடுத்துக்கொண்டு, இரண்டொரு அடி வைத்ததும் இடறி விழுந்துவிடும்.

இதனால் விளைகிற சங்கடம், ஒரு கணினி ஸ்தாபனம் தன் இயந்திரங்களின் நுண்செயலியை மாற்றத் தீர்மானிக்கும் காலத்தில்தான் பூதாகாரமாகத் தலைதூக்குகிறது. பழைய இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். புதியவற்றை வாங்குகிறவர்களும் நாளுக்கு நாள் பெருகுவார்கள். இரு சாராருக்கும் ஒரே மென்பொருளை விற்கவேண்டியவர், இரண்டு பெட்டிகளாகத் தயாரித்து, ‘இது பழையதற்கு, இது புதியதற்கு’ என்று சீட்டு ஒட்டி விற்கலாம். ஆனால் தம் கணினிக்குள் இருப்பது எந்தச் சில்லு என்று அறிந்தவர் நூற்றுக்கு எத்தனை பேர்? அறியாதவர் தவறான பெட்டியை வாங்கிப் போய், அது ஓடவில்லை என்று கோபத்துடன் திரும்பி வருவார். இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாகப் பொறியாளர்கள் கண்ட யுக்தி, இரண்டு வடிவங்களையும் ஒரே கோப்பில் அடைத்துவிடுவது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக அச்சிட்டு அனுப்புகிறோம் அல்லவா? பெற்றுக்கொண்டவர் ஒரு பக்கத்தைத்தான் படிக்கிறார். காகிதமும் மையும் தபால் செலவும் இரண்டு பக்கத்துக்கும் ஆகிவிடுகின்றன. பல நுண்செயலிகளுக்கு உரிய உடல்களை இவ்வாறு ஒருங்கே சுமக்கும் கோப்பை ஃபேட் பைனரி என்று ஒளிவுமறைவின்றி அழைத்தார்கள். நாம் பருத்த நிரல் என்போம். பருத்ததை மெலியச் செய்வது எப்படி, அதை யார் செய்வது, எந்த இடத்தில் செய்வது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இந்த யுக்தியின் பூர்வீகத்தைத் தேடினால், அப்போலோ என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 1988-ல் தன் டொமைன் இயக்கமுறையில் மோட்டரோலா சில்லுக்கும் தன் சொந்தப் பிரிஸம் சில்லுக்குமாகச் சேர்த்துக் கட்டிய கூட்டுக் கோப்பு வரை போகலாம். ஆனால் இன்று வழக்கில் உள்ள வடிவம் பிறந்த இடம், ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறியபின் தொடங்கிய நெக்ஸ்ட் ஸ்தாபனமே. கறுப்பு நிறக் கணினிகளைத் தானே தயாரித்து விற்றுவந்த அந்த ஸ்தாபனம், எதிர்பார்த்த வியாபாரம் கைகூடாமல் 1993-ல் கணினித் தயாரிப்பைக் கைவிட்டு, தன் நெக்ஸ்ட்ஸ்டெப் இயக்கமுறையை இன்டெல் இயந்திரங்களிலும் ஓடச் செய்தது. பின்னர் ஹெச்பி, சன் ஸ்தாபனங்களின் இயந்திரங்களும் சேர்ந்துகொள்ள, ஒரே கோப்பு நான்கு ஜாதிச் சில்லுகளுக்கு உரிய நான்கு உடல்களைச் சுமக்கும் நிலை வந்தது. இந்தப் பருமனால் வரும் தொல்லையை நெக்ஸ்ட்டின் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். உடல்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் அவர்கள் எழுதிய சிறு கருவிக்கு, மனித உடம்பின் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் அறுவையை நினைவூட்டும்படி, லிப்போ என்றே பெயர் வைத்தார்கள்; மென்பொருளைக் கணினியில் பதிக்கும் கட்டத்திலேயே வேண்டாத உடல்களைக் கழித்துவிடும் வசதியையும் அளித்தார்கள். முப்பது ஆண்டுகள் கடந்தும் லிப்போ இன்றைய ஆப்பிள் கணினிகளில் அதே பெயருடன் அதே ஊழியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. மென்பொருள்களின் ஆயுள் எவ்வளவு அற்பமானது என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும்.

அதே காலத்தில் ஆப்பிளும் தன் மக்கின்டாஷை 68000 குடும்பத்திலிருந்து பவர்பிஸிக்கு மாற்றும் முயற்சியில் இறங்கி, 1994 மார்ச்சில் முதல் பவர் மக்கின்டாஷ்களை வெளியிட்டது. அந்நாளைய மக்கின்டாஷ் கோப்பு ஒவ்வொன்றுக்கும் தரவுக் கிளை, ரிசோர்ஸ் கிளை என்று இரண்டு கிளைகள் உண்டு. பழைய சில்லுக்கான கட்டளைகள் எப்போதுமே ரிசோர்ஸ் கிளையில் இருந்துவந்தன. பெரும்பாலான மென்பொருள்களில் தரவுக் கிளை சும்மா கிடந்தது. ஆப்பிள் புதிய பவர்பிஸி கட்டளைகளை அந்தக் காலி இடத்தில் வைத்து, அவை அங்கே இருக்கின்றன என்று சுட்டும் சிறு குறிப்பு ஒன்றை மாத்திரம் ரிசோர்ஸ் கிளையில் சேர்த்தது. பழைய இயந்திரம் அந்தப் பக்கம் திரும்பியும் பாராது. புதிய இயந்திரம் குறிப்பைக் கண்டு நேரே அங்கே போகும். ஒன்றையும் இடிக்காமல் ஒரு மாடி கட்டிய இந்தச் சாமர்த்தியத்தை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. பிரிப்பதும் அதே அளவு எளிது: தரவுக் கிளையைக் காலிசெய்து குறிப்பையும் அழித்துவிட்டால், கோப்பு மாறுதல் காலத்துக்கு முந்திய நிலைக்குப் போய்விடும். வீட்டுக் கணினிகளின் ஹார்டு டிஸ்க் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கிய அந்த நாளில் இது அற்ப லாபம் அல்ல. அதிலும் பவர்பிஸியின் கட்டளை ஒவ்வொன்றும் விதிவிலக்கின்றி நான்கு பைட் எடுத்துக்கொள்வதால், புதிதாக வந்த உடல் பழைய உடலைவிடப் பெரும்பாலும் பருத்தே இருந்தது.

1996 டிசம்பரில் ஆப்பிள் நெக்ஸ்ட்டை வாங்குவதாக அறிவித்தது. நெக்ஸ்ட்டின் இயக்கமுறையே பின்னர் மேக் ஓஎஸ் எக்ஸ் ஆயிற்று. அதனோடு நெக்ஸ்ட்டின் பருத்த நிரலும் ஆப்பிளுக்குள் குடிபுகுந்தது. அதன் அமைப்பைச் சற்று நிதானித்துப் பார்ப்பது பயன் தரும். கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் 202, 254, 186, 190. பதினாறு அடிமான எண்முறையில் எழுதினால் ‘கஃபே பேப்’ என்று வாசிக்கத்தக்க ஒரு விளையாட்டுச் சொல்லாக இவை அமையும். அடுத்த நான்கு பைட்டுகள், உள்ளே எத்தனை உடல்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. அதன்பின் உடல் ஒன்றுக்கு இருபது பைட் வீதம் ஓர் அட்டவணை: எந்த ஜாதிச் சில்லு, அதில் எந்த உட்பிரிவு, கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த எல்லையில் ஒழுங்குபடுத்தப்பட்டது என்று ஐந்து எண்கள். இரண்டு உடல் கொண்ட கோப்புக்கு முகப்பு மொத்தம் 48 பைட், அவ்வளவுதான். அதற்குக் கீழே உள்ள ஒவ்வோர் உடலும் தனித்து நின்று இயங்கத்தக்க முழு நிரல். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. திரையில் தோன்றும் அறிவிப்பு வாசகம் ஒன்று நிரலுக்குள்ளேயே பொதிந்திருந்தால், அது எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தபோதிலும், இரண்டு உடலிலும் இரண்டு பிரதிகளாக இடம் பெறும்.

இந்த முகப்பைப் பற்றி ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். ஜாவா மொழியின் வகுப்புக் கோப்புகளும் இதே நான்கு பைட்டுகளில்தான் தொடங்குகின்றன. எனவே, ஒரு கோப்பைப் பார்த்து அது இன்ன இனம் என்று சொல்லும் யூனிக்ஸ் கருவி, முதல் நான்கை மாத்திரம் பார்த்து முடிவுக்கு வர இயலாமல், அடுத்த நான்கையும் பார்க்கிறது. ஜாவாவில் அது பதிப்பு எண். முதல் பதிப்பே 45-ல் தொடங்கியது. ஆப்பிளின் கோப்பில் அது உடல்களின் எண்ணிக்கை. நாற்பத்தைந்து ஜாதிச் சில்லுகளுக்கு ஒரே கோப்பில் உடல் தயாரிக்கும் விபரீதம் இதுவரை நிகழவில்லை. ஆகையால் சிறிய எண்ணாயின் பருத்த நிரல், பெரிய எண்ணாயின் ஜாவா என்று அந்தக் கருவி தீர்ப்பளித்துவிடுகிறது.

பருத்த நிரல் கணினியின் வேகத்தைக் குறைக்கும், நினைவகத்தை இரட்டிப்பாகத் தின்னும் என்று நம்புகிறவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். இது ஆதாரமற்ற அச்சம். நிரலை இயக்கும்போது இயக்கமுறை முகப்பை வாசித்து, அட்டவணையில் தனக்குரிய உடல் எங்கே தொடங்குகிறது என்று கண்டு, அந்தப் பகுதியை மட்டுமே, அதிலும் தேவைப்படும் பக்கங்களைத் தேவைப்படும் சமயத்தில் மட்டுமே, நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. மற்ற உடல்கள் டிஸ்கில் கிடந்தபடியே கிடக்கும், அவற்றை ஒருவரும் எழுப்புவதில்லை. நஷ்டம் ஏற்படுவது டிஸ்கின் இடத்திலும், இணையத்தின் வழியே இறக்கும் நேரத்திலும், அதற்குக் கொடுக்கும் பணத்திலும்தான். மிகச் சிறிய நிரல்களில் மாத்திரம் இன்னொரு விரயமும் உண்டு. ஒவ்வோர் உடலும் நினைவகப் பக்க எல்லையில்தான் தொடங்கவேண்டும். அந்தப் பக்கம் இன்டெல் இயந்திரத்தில் 4096 பைட், ஆப்பிளின் ஆர்ம் இயந்திரத்தில் 16384 பைட். இடைவெளியெல்லாம் பூஜ்யங்களால் நிரப்பப்படும். சில ஆயிரம் பைட்டில் அடங்கவேண்டிய ஒரு சிறு கட்டளை நிரல், இந்தப் பூஜ்யங்களைச் சுமந்தே பன்மடங்காகிவிடுகிறது.

2005 ஜூனில் ஆப்பிள் பவர்பிஸியையும் கைவிட்டு இன்டெலுக்கு மாறப்போவதாக ஜாப்ஸ் அறிவித்தபோது, பழைய யுக்தி யுனிவர்சல் பைனரி என்ற கௌரவமான பெயருடன் மீண்டும் மேடையேறியது. பருத்தது என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? 2007-ல் வந்த லெப்பர்ட் பதிப்பில் பவர்பிஸி 32 பிட், 64 பிட், இன்டெல் 32 பிட், 64 பிட் என்று ஒரே கோப்பில் நான்கு உடல்கள் இருக்க இடமுண்டாயிற்று. நெக்ஸ்ட்டின் பழைய நான்கு திரும்பி வந்தது போலாயிற்று. 2009-ல் வெளியான ஸ்னோ லெப்பர்ட் இன்டெல் கணினிகளுக்கு மாத்திரம் என்று வரையறுக்கப்பட்டது. அதைப் பதித்தால் ஏழு ஜிகாபைட் வரை இடம் மீளும் என்று ஆப்பிள் விளம்பரம் செய்தது. பதித்துப் பார்த்தவர்களும் இடம் பெருகியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தார்கள். பவர்பிஸி உடல்களைக் கழித்ததனால் வந்த லாபம் என்றே அநேகர் இதற்குக் காரணம் சொன்னார்கள். உண்மையில் அது காரணங்களில் ஒன்று மாத்திரமே. முன்பு ஒருவருக்கு வேண்டியதும் வேண்டாததுமாகக் குவிக்கப்பட்ட அச்சு இயந்திர மென்பொருள்கள் இப்போது தேவையானவை மட்டும் பதிக்கப்பட்டன. இயக்கமுறைக் கோப்புகள் டிஸ்கிலேயே சுருக்கிய நிலையில் வைக்கப்பட்டன. இவை போதாதென்று, அந்தப் பதிப்பு ஜிகாபைட்டை அளக்கும் கோலையே மாற்றிவிட்டது: அதுவரை 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிகாபைட் என்று காட்டிவந்த திரை, அன்று முதல் நூறு கோடி பைட்டை ஒரு ஜிகாபைட் என்று காட்டியது. நேற்று 100 என்று காட்டிய காலி இடம், ஒரு பைட்டும் கழியாமலே இன்று 107 ஆயிற்று! அளவுகோலைச் சுருக்கிவிட்டு நிலம் வளர்ந்ததாகப் பூரிப்பது மனித சுபாவம்தான் போலும்.

பயனரே தம் கையால் மெலியவைக்கும் முயற்சிகளும் இந்தக் காலத்தில் பெருகின. லிப்போவைக் கட்டளைச் சாளரத்தில் ஓட்டத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு கோப்பாகப் பிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு மோனோலிங்குவல் போன்ற இலவச மென்பொருள்கள் உதவின. அவை வேண்டாத மொழிகளின் வாசகக் கோப்புகளையும், வேண்டாத சில்லுகளின் உடல்களையும் ஒரே வீச்சில் கழித்துத் தரும். கழித்தபின் கோப்பு சரியாகப் பாதியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ஆப்பிள் கணினியில் மென்பொருள் என்று நாம் சுட்டுவது ஒரு முழு அடைவு. அதற்குள் படங்கள், ஒலிகள், எழுத்துருக்கள், பற்பல மொழிகளின் வாசகங்கள் எல்லாம் இருக்கும். இவை எந்தச் சில்லுக்கும் பொதுவானவை, ஆகையால் ஒரே பிரதிதான் உண்டு. இரட்டிப்பது இயந்திரக் கட்டளைப் பகுதி மட்டுமே. படங்கள் நிறைந்த விளையாட்டு மென்பொருள் ஒன்றில் இரண்டாவது உடலை நீக்குவது யானையின் முதுகில் ஒரு ரோமத்தைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். மாறாக, முழு இணைய உலாவி ஒன்றையே தன் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடும் எலக்ட்ரான் வகை மென்பொருள்களில் கட்டளைப் பகுதியே பெரும்பகுதியாகையால், அங்கே லாபம் கணிசமாக இருக்கும். இவ்வகையைத் தயாரிப்பவர்களில் பலர் இன்டெலுக்கு ஒன்று, ஆர்முக்கு ஒன்று என்று இரண்டு தனிக் கோப்புகளாகவே வெளியிடுவதற்கும் இதுவே காரணம்.

லாபத்தைப் பார்த்தோம், அபாயத்தையும் பார்க்கவேண்டும். மென்பொருள்கள் இன்று டிஜிட்டல் கையொப்பத்துடன் வருகின்றன. ஒவ்வோர் உடலும் தன் கையொப்பத்தைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், ஓர் உடலை எடுத்துவிட்டாலும் எஞ்சியதன் கையொப்பம் கெடுவதில்லை. அந்த அளவுக்கு ஆப்பிளின் ஏற்பாடு யோசனையுடன் செய்யப்பட்டது. ஆனால் அடைவுக்குள் இருக்கும் துணைக் கோப்புகள் சில, முழுக் கோப்பின் முத்திரையோடு பட்டியலில் பதிவாகியிருக்கும். அவற்றில் ஒன்றை மெலியவைத்தால் முத்திரை பொருந்தாமல் போய், மென்பொருள் முழுவதுமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். தம் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று தாமே சோதித்து, மாறியிருந்தால் இயங்க மறுக்கும் மென்பொருள்களும் உண்டு. இயக்கமுறையின் சொந்தக் கோப்புகளிலோ கைவைக்கவே வழியில்லை. 2020-ல் வந்த பிக் ஸர் பதிப்பு முதல் அவை இருக்கும் பகுதி முழுவதும் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம்விட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. ஆர்ம் சில்லு கொண்ட மேக்கில் இசையமைப்பு மென்பொருள் ஒன்றை வைத்திருப்பவர், ‘இன்டெல் உடல் எனக்கு எதற்கு?’ என்று அதைக் கழித்துவிடுகிறார். சில நாள் கழித்துப் பழைய இசைக்கருவித் துணைநிரல் ஒன்றை இணைக்க வேண்டியிருக்கிறது. அது இன்டெலுக்கு மட்டும் எழுதப்பட்டது. ஒரே ஜாதி உடலுக்குள் அதே ஜாதித் துணைநிரல்தான் நுழைய முடியும். ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பு ஏற்பாட்டின் வழியே தாய் மென்பொருளை இன்டெல் வேடத்தில் ஓட்டினால் இணைத்துவிடலாம். வேடம் போடுவதற்கு உரிய உடலைத்தான் அவர் கழித்துவிட்டாரே!

எனவே பயனர் தம் வீட்டில் அமர்ந்து செய்யும் அறுவையை நான் பெரிதாகச் சிபாரிசு செய்யமாட்டேன். மெலியவைக்கும் பொறுப்பு முதலில் தயாரிப்பவரைச் சேர்ந்தது. அடுத்து, அதை ஊர் ஊராக விநியோகிப்பவரைச் சேர்ந்தது.

தயாரிப்பவர் கழிக்கக்கூடிய கொழுப்பு, இரண்டாவது உடலைவிடப் பல சமயம் அதிகமாகவே இருக்கும். அதில் முதன்மையானது பிழைதேடும் விவரங்கள். எந்த எந்திரக் கட்டளை மூலத்தின் எந்த வரியிலிருந்து பிறந்தது, எந்த மாறிக்கு என்ன பெயர் என்றெல்லாம் கம்பைலர் எழுதிவைக்கும் இந்தக் குறிப்புகள் கட்டளைப் பகுதியைப்போல் பல மடங்கு பெருகக்கூடியவை. நிரலை எழுதியவருக்கு இன்றியமையாதவை, ஓட்டுபவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாதவை. ஸ்ட்ரிப் என்னும் பழைய யூனிக்ஸ் கருவி அவற்றைச் சுத்தமாக உரித்துவிடும். தனிக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் பிழை தேடவும் தடையில்லை. அடுத்தது, எவரும் அழைக்காத கட்டளைகள். பெரிய நூலகம் ஒன்றிலிருந்து இரண்டொரு வேலைக்காக உதவி பெறும் நிரல், வேண்டாத பகுதிகளையும் சேர்த்துச் சுமக்கிறது. ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுதியாகிய சார்பு ஒவ்வொன்றையும் தனிப் பகுதியாக வைக்கும்படி கம்பைலருக்குச் சொல்லிவிட்டால், கோப்பைக் கோத்துக் கட்டும் லிங்க்கர், தொடக்கத்திலிருந்து யார் யாரை அழைக்கிறார்கள் என்று பின்தொடர்ந்து, யாரும் அணுகாதவற்றை உதறிவிடும். ஸி பிளஸ் பிளஸ் மொழியில் வார்ப்புரு ஒன்றிலிருந்து பல வகைகளுக்காக உருவாகும் சார்புகள் சில சமயம் பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே வந்து நிற்கும். அவற்றை ஒன்றாக மடித்துவிடும் லிங்க்கர்களும் உண்டு. இவையெல்லாம் ஒரு முறை செய்தால் எல்லா உடல்களுக்கும் பலிக்கும். இரண்டு உடல் உள்ள கோப்பில் லாபமும் இரண்டு மடங்கு.

சுருக்கி அனுப்புவதிலும் நுட்பங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று மிக அழகானது. இன்டெல் சில்லில் ஒரு சார்பை அழைக்கும் வழக்கமான கட்டளைக்கு ஐந்து பைட்; அதில் நான்கு, ‘இங்கிருந்து எவ்வளவு தூரம்’ என்று சொல்லும் எண். 5000-ஆம் முகவரியில் இருக்கும் சார்பை 1000-ஆம் இடத்திலிருந்து அழைத்தால் அந்த எண் 3995. 2000-ஆம் இடத்திலிருந்து அழைத்தால் 2995. அழைக்கப்படுபவர் ஒருவரே ஆயினும், அழைக்கும் இடத்துக்கு ஒரு எண்ணாகக் கோப்பில் தோன்றுவதால், ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு சுருக்கும் கருவி இங்கே ஏமாந்து போகிறது. செவன் ஜிப், எக்ஸ்ஸட் போன்ற கருவிகள் செய்யும் தந்திரம் என்னவெனில், சுருக்குவதற்கு முன் இந்தத் தூரங்களையெல்லாம் நேர் முகவரிகளாக மாற்றிவிடுவது: இரண்டு இடத்திலும் 5000 என்றே வந்துவிடும், நூறு முறை அழைத்திருந்தால் நூறு முறையும் அதே நான்கு பைட். இப்போது சுருக்கம் நன்றாக அமைகிறது. விரிக்கும்போது நேர் முகவரியைப் பழையபடி தூரமாக்கிவிட்டால் ஒரு பிட்டும் சேதமில்லை. கோப்பு முதலில் சற்றும் சிறுக்கவில்லை, ஒழுங்கு மாத்திரம் கூடியது. அந்த ஒழுங்கே பின்னால் சுருக்கமாகப் பலன் தருகிறது. ஒவ்வொரு சில்லுக்கும் இந்த மாற்றத்தின் விதி வேறு என்பதால், பருத்த நிரலைப் பிரிக்காமல் மொத்தமாகச் சுருக்குவதைவிட உடல்களைத் தனித்தனியே பிரித்து, அதனதன் விதிப்படி மாற்றிச் சுருக்குவதே உத்தமம். நிரலையே சுருக்கிவைத்து, ஓட்டும்போது தன்னைத்தானே விரித்துக்கொள்ளச் செய்யும் யுபிஎக்ஸ் போன்ற கருவிகளும் புழக்கத்தில் உண்டு. ஆனால் விரிந்த பக்கங்களைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ள இயலாமையாலும், வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அப்படிப்பட்ட கோப்பைத் திருடனைப்போல் நோக்குவதாலும், இன்று அவற்றின் தேவை சொற்பமே.

விநியோகிப்பவர் மெலியவைப்பதற்கு உரிய களம் கைப்பேசி. 2013-ல் ஐபோன் 5எஸ் 64 பிட் சில்லுடன் வந்தது. 32 பிட் ஐபோன்களும் கோடிக்கணக்கில் கைகளில் இருந்தன. 2015 பிப்ரவரி முதல் புதிய மென்பொருள் எதுவும் 64 பிட் உடலையும் சேர்த்தே வரவேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. 16 ஜிகாபைட் ஐபோன்கள் விற்ற காலம் அது. அந்த ஆண்டே ஐஓஎஸ் 9-உடன், மென்பொருளை எழுதியவர் பருத்த கோப்பை ஆப்பிளிடம் கொடுத்துவிட, ஆப்பிளின் கடையே ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஏற்ற சில்லின் உடலையும், அதன் திரைக்கு ஏற்ற படங்களையும் மட்டும் வெட்டி அனுப்பும் ஏற்பாடு வந்தது. கூகிள் 2018-ல் அறிவித்து, 2021 ஆகஸ்டிலிருந்து தன் கடையில் புதிய மென்பொருள்களுக்குக் கட்டாயமாக்கிய ஆண்ட்ராய்டு ஆப் பண்டில் என்பதும் இதுவே. அதற்கு முன் ஆண்ட்ராய்டு மென்பொருள் பலவற்றில் 32 பிட் ஆர்ம், 64 பிட் ஆர்ம், இன்டெல் இரண்டு என்று நான்கு உடல்கள் நான்கு அடைவுகளில் உட்கார்ந்திருந்தன. ஒரு கைப்பேசிக்கு வேண்டியது அவற்றில் ஒன்றே. இந்த வசதிக்கு விலை இல்லாமல் இல்லை. கைப்பேசிக்கு ஏற்றபடி கோப்பைக் கட்டிக் கையொப்பம் இடுவது கூகிளின் கடை என்பதால், கையொப்பத் திறவுகோலையும் அதனிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எழுந்த ஆட்சேபத்தை நான் அற்பமென்று தள்ளமாட்டேன். ஒருவர் தம் பெயரில் இட்ட கையெழுத்தைக் கடைக்காரரிடம் அடகு வைப்பது சின்ன காரியமா?

லினக்ஸ் உலகம் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. கணினி விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்து புகழ்பெற்ற ரயன் கார்டன், 2009-ல் ஃபேட்எல்ஃப் என்னும் பெயரில் லினக்ஸுக்கும் பருத்த நிரல் வடிவம் ஒன்றைச் செய்து, அது ஓடுவதையும் காட்டினார். லினக்ஸ் கருவைப் பராமரிப்பவர்கள் அதை ஏற்கவில்லை. மென்பொருள்களைச் சில்லுக்கு ஏற்பத் தேர்ந்து கொண்டுவந்து பதிக்கும் பொதி நிர்வாகிகள் இருக்கும்போது கோப்பைப் பருக்கவைப்பது அனாவசியம் என்பது அவர்களின் கட்சி. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் முயற்சியைக் கைவிட்டார். அவர் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை: பொதி நிர்வாகியின் வழியே வராமல், இணையத்தில் நேரே கிடைக்கும் மென்பொருளுக்கு ஒரே கோப்பு என்பது பெரிய சௌகரியமே. இன்று பெரிய சர்வர்களில் ஓடும் கன்டெய்னர் படிமங்கள் இரண்டு கட்சிக்கும் சமாதானம் செய்துவைத்திருக்கின்றன. பயனர் கேட்பது ஒரே பெயரை. அந்தப் பெயரின் கீழ் இருப்பது, எந்தச் சில்லுக்கு எந்தப் படிமம் என்னும் பட்டியல் மட்டும். இயந்திரம் பட்டியலைப் படித்துத் தனக்குரியதை மாத்திரம் இறக்கிக்கொள்கிறது. நெக்ஸ்ட்டின் அந்த இருபது பைட் அட்டவணை, கோப்பை விட்டுப் பிரிந்து கடையின் வாசலில் போய் நிற்கிறது என்று சொல்லலாம்.

2020 ஜூனில் ஆப்பிள் இன்டெலையும் விட்டுத் தன் சொந்த ஆர்ம் சில்லுக்கு மாறுவதாக அறிவித்து, நவம்பரில் எம்1 இயந்திரங்களை விற்கத் தொடங்கியதிலிருந்து, மேக் மென்பொருள்கள் மீண்டும் இரண்டு உடல்களுடன் நடமாடுகின்றன. 2025-ல் வெளிவந்த டாஹோ பதிப்பே இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிள் சொல்லிவிட்டபடியால், தயாரிப்பவர்களே வரும் ஆண்டுகளில் ஒவ்வொருவராக இன்டெல் உடலைக் கழித்துவிடுவார்கள். அதுவரை டிஸ்கில் இடம் போதாமல் தவிப்பவர்கள், முதலில் தாம் தொடாத மென்பொருள்களை முழுதாக நீக்கட்டும். லிப்போவைக் கையில் எடுத்தே தீரவேண்டுமென்றால், உள்ளே என்னென்ன உடல்கள் இருக்கின்றன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மெலிந்த கோப்பை வேறு பெயரில் எழுதச் செய்து, அது சரியாக ஓடுகிறது என்று காணும்வரை அசலை அழிக்காமல் வைத்திருப்பதே விவேகம்.